விம்பிள்டன் வரிசை: முதல்முறை போகிறவர்களுக்கு

"ஜூலை முதல் வாரம் லண்டன்ல இருப்பேன்" என்று டென்னிஸ் பார்க்கிற நண்பர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அப்போ விம்பிள்டன்?" என்று கண் விரியக் கேட்பார். நீங்கள் வாய் திறப்பதற்குள் அவரே, "டிக்கெட்டெல்லாம் நமக்கெங்கே கிடைக்கப்போகுது" என்று முடித்தும் விடுவார்.

கிடைக்கும். ஆட்டம் நடக்கும் அன்று காலையில் வரிசையில் நின்று, வாசலில் பணம் கட்டி உள்ளே போகலாம். மைதானத்தின் முதன்மை அரங்கான சென்டர் கோர்ட்டுக்குக்கூட இப்படிச் சீட்டு உண்டு. திருப்பதிக் கணக்கில் சொன்னால் இது தர்ம தரிசனம். காசு நிறைய உள்ளவர்களுக்கு ஒரு வழி, காத்திருக்கத் தயாராக உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. உலகமெங்கும் இருந்து வரும் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் இந்த இரண்டாவது வழியில்தான் உள்ளே போகிறார்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல்முறை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். அந்தத் தப்புகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எந்த நாளில் போவது

போட்டி ஜூன் கடைசித் திங்கள் அல்லது ஜூலை முதல் திங்களன்று தொடங்கி இரண்டு வாரம் நடக்கும். 2025-இல் ஜூன் 30 முதல் ஜூலை 13 வரை நடந்தது. 2026-க்கு ஜூன் 29 முதல் ஜூலை 12 வரை. முன்பெல்லாம் நடு ஞாயிறு விடுமுறை; 2022 முதல் அன்றும் ஆட்டம் உண்டு.

டிக்கெட் தேதியைப் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். இறுதிப்போட்டிக்குப் பக்கத்தில் போனால்தான் சுவாரசியம் என்று நினைத்து இரண்டாம் வாரத்துக்கு விமான டிக்கெட் போடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஆண்கள் ஒற்றையரில் 128 பேர், பெண்கள் ஒற்றையரில் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள். அத்தனையும் முதல் இரண்டு நாளில், திங்களும் செவ்வாயும், 18 கோர்ட்டுகளில் நடக்கும். அடுத்த இரண்டு நாளில் இரண்டாம் சுற்று. காலிறுதி வந்துவிட்டால் நாளுக்கு நான்கு ஒற்றையர் ஆட்டம்தான், அவையும் சென்டர் கோர்ட்டிலும் முதலாம் கோர்ட்டிலும்தான். மற்ற கோர்ட்டுகளில் ஜூனியர்களும் இரட்டையரும் ஆடுவார்கள். அதிலும் ருசி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதல்முறை போகிறவர் முதல் வாரத்தில், திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் மொத்தமும் விடுமுறை என்று வந்துவிடுவார்கள். நான் முதல்முறை போனது ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. உள்ளே கால் வைத்தபோது மாலை நாலரை.

இன்னொன்று. கடைசி நான்கு நாள், அதாவது இரண்டாம் வாரம் வியாழன் முதல் ஞாயிறு வரை, சென்டர் கோர்ட்டுக்கு வரிசையில் சீட்டு விற்கமாட்டார்கள்.

விசா

ஐரோப்பா சுற்றும்போது அப்படியே லண்டனையும் பார்த்துவிடலாம் என்று ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பிரிட்டனுக்குத் தனி விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 'ஸ்டாண்டர்ட் விசிட்டர்' விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, விசா மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்கவேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும் என்பார்கள். ஆனால் கோடைக்காலக் கூட்டத்தை நினைத்து ஏப்ரலிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் விசா வேண்டாம். 2025 ஜனவரி முதல் 'ஈ.டி.ஏ.' என்ற மின்னனுமதி மட்டும் எடுக்கவேண்டும்.

விம்பிள்டன் டிக்கெட் கையில் இருந்தால்தான் விசா தருவார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி எதுவும் இல்லை. வேலை, வங்கிக் கணக்கு, திரும்பி வருவதற்கான காரணம், இவற்றைத்தான் பார்க்கிறார்கள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, டென்னிஸ் பார்க்க என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும்.

டிக்கெட் வாங்கும் வழிகள்

முதல் வழி குலுக்கல். முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கில் விம்பிள்டன் இணையதளத்தில் 'மைவிம்பிள்டன்' கணக்கு தொடங்கிப் பெயர் பதியவேண்டும். கட்டணம் இல்லை. பெயர் விழுந்தால் எந்த நாள், எந்த கோர்ட் என்று அவர்கள்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்டு வாங்க முடியாது. விழுந்தால் அதிர்ஷ்டம் என்று பதிந்துவிட்டு மறந்துவிடுங்கள். இதை நம்பி விமான டிக்கெட் போடக்கூடாது.

இரண்டாவது, விருந்தோடு சேர்த்து விற்கும் விலையுயர்ந்த பொதிகளும், மைதானத்துக்குப் பெரிய தொகை முதலீடு செய்தவர்களுக்கு ஒதுக்கும் 'டிபெஞ்சர்' இருக்கைகளும். அந்த விலையில் ஊரிலிருந்து இன்னொரு முறை போய்வந்துவிடலாம். நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும்: டிபெஞ்சர் டிக்கெட்டைத்தான் அதை வைத்திருப்பவர் இன்னொருவருக்கு விற்கலாம். மற்ற டிக்கெட் எதையும் கைமாற்ற முடியாது. ஆகவே மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள சவுத்ஃபீல்ட்ஸ் ரயில் நிலைய வாசலில் யாராவது காதருகே வந்து "டிக்கெட் வேணுமா?" என்று கேட்டால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

மூன்றாவது வழி, வரிசை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வரிசையில் நின்றால் இரண்டு வகைச் சீட்டு கிடைக்கும். ஒன்று, சென்டர் கோர்ட், முதலாம் கோர்ட், இரண்டாம் கோர்ட் ஆகிய பெரிய அரங்குகளுக்கானது. ஒவ்வொன்றுக்கும் நாளுக்குச் சுமார் 500 சீட்டு வரிசைக்காரர்களுக்கு ஒதுக்குகிறார்கள். மற்றது கிரவுண்ட் பாஸ். இதை வைத்துக்கொண்டு 3-ஆம் கோர்ட்டிலிருந்து 18-ஆம் கோர்ட் வரை முன்பதிவில்லாத எந்த இருக்கையிலும் உட்காரலாம், பெரிய திரை வைத்த புல்மேட்டிலும் உட்காரலாம். 2025-இல் முதல் வாரம் இதன் விலை 30 பவுண்டு. மாலை ஐந்துக்கு மேல் போனால் இன்னும் குறைவு.

என் கட்சி கிரவுண்ட் பாஸ்தான். சென்டர் கோர்ட்டில் ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம் பார்ப்பீர்கள், தூரத்திலிருந்து. வெளிக் கோர்ட்டுகளில் உலகத் தரவரிசையில் முப்பதாவது, நாற்பதாவது இடத்தில் இருப்பவர் உங்களுக்கு இரண்டு கஜம் தள்ளி நின்று சர்வ் போடுவார். பந்து மட்டையில் படும் சத்தம், ஷூ புல்லில் வழுக்கும் சத்தம், தன்னைத்தானே அவர் தாய்மொழியில் திட்டிக்கொள்ளும் முணுமுணுப்பு எல்லாம் கேட்கும். 2010-இல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் மூன்று நாள் ஆடினார்களே, 11 மணி 5 நிமிடம், கடைசி செட் 70-68, அது நடந்தது 18-ஆம் கோர்ட்டில். கிரவுண்ட் பாஸ்காரர்கள் பார்த்த ஆட்டம் அது.

எங்கே தங்குவது

விம்பிள்டன் தெற்கு லண்டனில் இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் ரயில் தடத்தில் விம்பிள்டன் கிளையில் எங்கே தங்கினாலும் வசதி. ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினால் பிக்கடிலி தடத்தில் ஏறி எர்ல்ஸ் கோர்ட்டில் மாறிக்கொள்ளலாம். ரயிலுக்குத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை; தொடாமல் பணம் கட்டும் வசதியுள்ள வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் போதும். ஊரிலிருந்து கிளம்புமுன் அந்த அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிடுங்கள். மைதானத்துக்குள்ளும் அட்டைதான், நோட்டை நம்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டுக் கவலை உள்ளவர்களுக்கு டூட்டிங் பக்கம் தங்கச் சொல்வேன். அங்கே ஈழத் தமிழர் கடைகளும் தென்னிந்திய உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. தோசையும் கிடைக்கும், கொத்துரொட்டியும் கிடைக்கும். டூட்டிங் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலிருந்து கிளம்பும் 493-ஆம் எண் பேருந்து விம்பிள்டன் வழியாக டென்னிஸ் மைதான வாசலைத் தாண்டித்தான் போகிறது. விம்பிள்டனிலேயே எஃப்ரா சாலையில் கணபதி கோயில் ஒன்றும் இருக்கிறது, 1981-இல் தொடங்கியது. வரிசை எண் நன்றாக அமையவேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தோதான இடம்தான்.

எத்தனை மணிக்கு வரிசைக்குப் போவது

வரிசை நிற்பது மைதான வாசலில் என்று நினைத்துப் பலர் நேராக அங்கே போகிறார்கள். வரிசை, சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் விம்பிள்டன் பார்க் என்ற பெரிய புல்வெளியில். சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் இறங்கி விம்பிள்டன் பார்க் சாலையில் கால்மணி நேரம் நடந்தால் போதும். வழி கேட்கவே வேண்டாம். கூட்டம் போகிற பக்கம் போங்கள்.

கிரவுண்ட் பாஸ் போதும் என்றால் வாரநாளில் காலை ஆறு, ஆறரைக்கு வரிசையில் இருங்கள். எட்டுக்குப் போனாலும் உள்ளே போய்விடலாம், ஆனால் நேரம் தள்ளும். மைதானம் முழுக்க நிறைந்துவிட்டால் ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே என்ற கணக்கில் வரிசை நகரும். என் சனிக்கிழமை அப்படித்தான் போயிற்று.

சென்டர் கோர்ட்டோ முதலாம் கோர்ட்டோ வேண்டும் என்றால் முதல்நாள் பிற்பகலிலேயே போய் டென்ட் போட்டுத் தூங்கவேண்டும். பெரிய பெயர்கள் ஆடும் நாள் என்றால் இன்னும் முன்னால்.

வரிசைக்குள்

வரிசையின் வால்முனையில் ஒரு ஸ்டூவர்டு, அதாவது வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், உயரமாகக் கொடி பிடித்து நிற்பார். அங்கே போய் நின்றால் உங்களுக்கு ஓர் எண் கிடைக்கும். ஆளுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு டிக்கெட். அந்த எண்தான் உங்கள் இடம். அதைத் தொலைத்தால் வரிசையே தொலைந்தது. விம்பிள்டன் செயலியை ஃபோனில் இறக்கி, மைவிம்பிள்டன் கணக்கையும் முன்பே தொடங்கி வைத்திருங்கள். புல்வெளியில் நின்றுகொண்டு கடவுச்சொல்லை மறந்து திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வரிசைப் பழக்கங்கள் சிலவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். "மாமா பின்னால வர்றார், அவருக்கும் ஒரு இடம்" என்பது இங்கே நடக்காது. துண்டு போட்டு இடம் பிடிக்க முடியாது. உடன் வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்தே வந்து சேர்ந்தே நிற்கவேண்டும். சாப்பிடவோ கழிப்பறைக்கோ போகலாம், அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடவேண்டும். ஊடே புகுந்தால் ஸ்டூவர்டு வருவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிற பாட்டியே பார்வையால் உங்களை எரித்துவிடுவார். வரிசையில் எப்படி நிற்பது என்பதற்கே அச்சிட்ட கையேடு கொடுத்த ஊர் இது. சிரிக்காதீர்கள், கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; நல்ல நினைவுப்பொருள்.

டென்ட் போடுகிறவர்களுக்கு இரண்டு பேர் அளவு டென்ட்தான் அனுமதி. இதைத் தெரியாமல் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான்கு பேர் டென்ட் ஒன்றை வாங்கிச் சுமந்துகொண்டு போனேன். ஸ்டூவர்டு அம்மா ஒருவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ரொம்ப அழகான டென்ட், ஆனால் விரிக்க முடியாது" என்றார். அன்று இரவு அந்த டென்ட்டைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு படுத்தேன். ஜூலை மாதம்தானே என்று நினைக்கவேண்டாம். பகலில் 25 டிகிரி அடித்தாலும் விடியற்காலை பத்து, பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். புல்லில் பனி கொட்டிக் கீழே விரித்தது எல்லாம் நனையும். சென்னைக்காரனுக்கு அது மார்கழிக்கும் மேலே.

ஆகவே இரவுக்கு: தூங்கும் பை, கீழே விரிக்க நீர்புகாத விரிப்பு, கம்பளிக் குல்லா, காதடைப்பான், பவர் பேங்க், டார்ச். கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் பூங்காவிலேயே உண்டு. அடுப்பு மூட்டக்கூடாது, புகைபிடிக்கக்கூடாது. இரவு ஒன்பதே கால் வரை வெளிச்சம் இருக்கும்; சீட்டாட்டமும் பேச்சுமாக நேரம் போய்விடும். எனக்கு ஒரு பக்கம் அர்ஜென்டினாவிலிருந்து வந்த தகப்பனும் மகளும், இன்னொரு பக்கம் நாற்பது வருடமாக வருடம் தவறாமல் வரும் யார்க்‌ஷயர் தம்பதி. சென்னை என்றதும் அந்தக் கிழவர் முதலில் கேட்டது, "கிருஷ்ணன் ஊரா?" என்று. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் இங்கே சிறுவர் பட்டம் வென்றவர், 1960-லும் 1961-லும் அரையிறுதி வரை போனவர். மகன் ரமேஷ் 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் காலிறுதி ஆடினார். இந்த மூன்று பெயரும் தெரிந்திருந்தால் வரிசையில் பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இருக்காது.

காலை ஐந்தரை, ஆறுக்கெல்லாம் ஸ்டூவர்டுகள் டென்ட்டைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். மடித்துக் கட்டி, அங்கேயே இருக்கும் சாமான் காப்பறையில் சின்னக் கட்டணம் கட்டிக் கொடுத்துவிட்டு, நெருக்கமாக வரிசையில் நிற்கவேண்டும். டென்ட்டையும் பெரிய பையையும் மைதானத்துக்குள் விடமாட்டார்கள்.

அப்புறம் ஸ்டூவர்டுகள் கையில் கட்டும் பட்டைகளோடு வரிசை நெடுகிலும் வருவார்கள். சென்டர் கோர்ட்டுக்கு ஒரு நிறம், முதலாம் கோர்ட்டுக்கு ஒரு நிறம், இரண்டாம் கோர்ட்டுக்கு ஒன்று. எது வேண்டும் என்று எண் வரிசைப்படி கேட்டுக்கொண்டே வருவார்கள், தீரும் வரை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் எண் 500-க்கு மேலே போய்விட்டாலும் சென்டர் கோர்ட் கிடைக்கலாம், ஏனென்றால் முன்னால் நிற்கிற எல்லோரும் அதையே கேட்பதில்லை. அன்றைய ஆட்ட அட்டவணை முந்தைய நாள் மாலையே செயலியில் வந்துவிடும். டென்ட்டுக்குள் படுத்துக்கொண்டே அதைப் பார்த்து எந்த கோர்ட் என்று முடிவு செய்துவிடுங்கள். ஸ்டூவர்டு எதிரே வந்து நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. பட்டை வாங்காதவர்களுக்குக் கிரவுண்ட் பாஸ்.

பையில் என்ன

ஆளுக்கு ஒரு பைதான், 40-க்கு 30-க்கு 30 சென்டிமீட்டருக்குள். கெட்டியான பெட்டி, கூடை ஆகாது. செல்ஃபி குச்சி ஆகாது. கேமரா லென்ஸ் 300 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டும்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். இவ்வளவு பெரிய விளையாட்டரங்கில் இதை அனுமதிப்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் புல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் ஷாம்பெய்ன் திறந்துகொண்டிருந்த குடும்பம் "அது என்ன வாசனை?" என்று கேட்டு இரண்டு கவளம் வாங்கிச் சாப்பிட்டது. காலி தண்ணீர் பாட்டில் எடுத்துப்போங்கள், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். குடிக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டிலோ இரண்டு பியர் கேனோ கொண்டுவரவும் விதி இடம் தருகிறது.

குடையைவிட மழைக்கோட்டு நல்லது, குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அதோடு தொப்பியும் வெயில் களிம்பும். லண்டன் வெயில்தானே என்று நினைத்த என் மூக்குத் தோல் உரிந்தது. வெள்ளை உடைதான் போடவேண்டும் என்ற விதி ஆட்டக்காரர்களுக்குத்தான், பார்வையாளருக்கு இல்லை. நடந்து பழகிய ஷூ போடுங்கள். ஈரப் புல்லில் செருப்போடு ஆறு மணி நேரம் நின்றவன் சொல்கிறேன்.

உள்ளே போனதும்

பத்து மணிக்கு வாசல் திறக்கும். பை சோதனை, அப்புறம் மூன்றாம் வாசலில் அட்டையால் பணம், அவ்வளவுதான். ஓடக்கூடாது. வேகமாக நடக்கலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த நடையைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

வெளிக் கோர்ட்டுகளிலும் இரண்டாம் கோர்ட்டிலும் ஆட்டம் 11 மணிக்கு, முதலாம் கோர்ட்டில் ஒரு மணிக்கு, சென்டர் கோர்ட்டில் ஒன்றரைக்கு. இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் தங்கம். வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுப்பார்கள், பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

கிரவுண்ட் பாஸ்காரர்கள் முதலில் போக வேண்டியது 18-ஆம் கோர்ட்டுக்கோ 12-ஆம் கோர்ட்டுக்கோ. இரண்டிலும் நல்ல படிக்கட்டு இருக்கைகள் உண்டு, நல்ல ஆட்டங்களையும் அங்கே போடுவார்கள். பதினொன்றுக்கு முன் உட்கார்ந்துவிட்டால் முதல் ஆட்டம் முழுதும் உங்களுடையது. எழுந்தால் இடம் போகும், மறுபடி வரிசை. 13-ஆம் கோர்ட்டைத் தேடாதீர்கள். 12-க்கு அடுத்து 14-தான், அந்த எண்ணில் இப்போது கோர்ட் இல்லை.

ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போதுதான் கோர்ட்டுக்குள் நுழையவும் எழவும் விடுவார்கள். புள்ளி நடக்கும்போது பேச்சு மூச்சு கூடாது, ஃபோனைச் சத்தமில்லாமல் வையுங்கள். இரட்டையர் ஆட்டங்களை விட்டுவிடாதீர்கள். முதல் வாரம் நடுவில் தொடங்கும், கூட்டம் குறைவு. நம்மூர்ப் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி இங்கே இரட்டையர் ஆடியவர். அப்படி ஒரு பெயர் அட்டவணையில் இருந்தால் போய் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கை தட்டுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கோர்ட்டில் அந்தச் சத்தம் அவர் காதில் நன்றாகவே விழும்.

ஸ்ட்ராபெரியும் கிரீமும் சாப்பிடாமல் வந்தால் ஊரில் கேட்பார்கள். 2010 முதல் 2024 வரை ஒரு கிண்ணம் 2.50 பவுண்டு என்று விலையை ஏற்றாமலே வைத்திருந்தார்கள். 2025-இல் 2.70 ஆனது, அதுவே அங்கே செய்தியாயிற்று. பழம் கென்ட் மாவட்டத்துத் தோட்டத்திலிருந்து அன்றன்றைக்கு வருவது. மற்ற உணவுகளின் விலையைப் பார்த்தால் புளியோதரையின் அருமை தெரியும்.

மழை வந்தால்? சென்டர் கோர்ட்டுக்கு 2009 முதலும் முதலாம் கோர்ட்டுக்கு 2019 முதலும் மூடும் கூரை உண்டு. வெளிக் கோர்ட்டுகளில் பையன்கள் ஓடிவந்து தார்ப்பாய் போர்த்துவார்கள். ஆட்டம் நிற்கும். உடனே கிளம்பிவிடாதீர்கள். அங்கே மழை அரை மணியில் விட்டுவிடுவதும் உண்டு, பாதிக் கூட்டம் போயிருக்கும், நல்ல இடம் கிடைக்கும்.

மாலையில் சென்டர் கோர்ட்

கிரவுண்ட் பாஸ் வாங்கியவர்கள் சென்டர் கோர்ட்டைப் பார்க்கவே முடியாது என்று இல்லை. பிற்பகலில் பெரிய அரங்குகளிலிருந்து கிளம்புகிறவர்கள் தங்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவற்றை மூன்று மணியிலிருந்து பத்து, பதினைந்து பவுண்டு அளவில் மறுபடி விற்கிறார்கள். அந்தப் பணம் தருமக் காரியத்துக்குப் போகிறது. மைதானத்துக்குள் இருந்தபடி செயலியில் வரிசையில் பெயர் போடவேண்டும், முறை வந்ததும் ஃபோனுக்குச் செய்தி வரும். முன்கூட்டியே போட்டுவிட்டு வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருங்கள். ஆறு மணிக்குக் கிடைத்தாலும் நஷ்டமில்லை. விளக்கும் கூரையும் இருப்பதால் இரவு 11 மணி வரை ஆட அனுமதி உண்டு. என் இரண்டாம் பயணத்தில் 30 பவுண்டு பாஸோடு போய், மாலை ஆறே முக்காலுக்குச் சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்தேன். டிவியில் பார்த்ததைவிட அது சின்ன அரங்கு. பச்சைச் சுவர், மாலை வெயிலில் நீளும் நிழல், பேஸ்லைன் பக்கம் புல் தேய்ந்து மண் தெரியும் இடம். பதினைந்தாயிரம் பேர் இருக்கிற இடத்தில் சர்வுக்கு முன் பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும்போது

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சவுத்ஃபீல்ட்ஸுக்கு நடப்பார்கள், நிலைய வாசலிலேயே இன்னொரு வரிசை இருக்கும். அரை மணி நேரம் தாமதித்துக் கிளம்புங்கள், அல்லது அடுத்த நிலையமான விம்பிள்டன் பார்க்குக்கு நடந்துவிடுங்கள். கால் வலிக்கவில்லை என்றால் மேட்டில் ஏறி விம்பிள்டன் கிராமத்துக்குப் போய் ஒரு காப்பி குடிக்கலாம். அன்றிரவு அங்கே டென்னிஸ் பேசாத மேசை கிடையாது.

டென்ட்டோடு வந்தவர்கள் முதலில் காப்பறைக்குப் போங்கள். ரசீதைக் காலையிலேயே ஃபோனில் படம் எடுத்து வைத்திருங்கள். நான் அதைப் புளியோதரை டப்பாவோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். என் சாமான் எது என்று காட்டச் சொன்னார்கள். நல்லவேளை, அந்த வரிசை முழுவதிலும் நான்கு பேர் டென்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.